நாம் ஆடிய கான்ட்ராவும் யூடியூப் கான்ட்ராவும்

யூடியூபில் கான்ட்ரா என்று தேடிப் பாருங்கள். முதல் கட்டத்தை முழுக்க ஆடிக் காட்டும் காணொளிகள் வரிசையாக வரும். படம் பளிச்சென்று இருக்கும், இசை கச்சிதமாகக் கேட்கும். ஆனால் 90களில் சிவகாசியிலோ விருதுநகரிலோ சாத்தூரிலோ அந்த ஆட்டத்தை ஆடியவர்கள் பார்த்தால் ஒரு சின்ன உறுத்தல் வரும். "இவ்வளவு வேகமாவா ஓடுச்சு?" என்று தோன்றும்.

வயசாகிவிட்டது, ஞாபகம் மங்கிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். நம்ம ஊரில் அது உண்மையிலேயே மெதுவாகத்தான் ஓடியது. எவ்வளவு மெதுவாக என்பதற்குக் கணக்கே இருக்கிறது. அந்தக் கணக்கையும், அந்தப் பழைய பெட்டியின் படத்தை இன்று கணினியில் பிடித்து நேரலையாக ஒளிபரப்பப் போனால் என்ன நடக்கும் என்பதையும், அந்த வேலை ஏன் அவசியம் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எந்தப் பெட்டி நம் வீட்டுக்கு வந்தது?

நிண்டெண்டோவின் ஃபேமிகாம் ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று வெளியானது. அதுவே உருமாறி 1985ல் என்.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. இந்தியாவுக்கு உரிமத்தோடு வந்த பதிப்பின் பெயர் சாமுராய். போட்டி நிறுவனமான சேகாவின் மெகா டிரைவை 1995 ஏப்ரல் முதல் இங்கே விற்றது ஷா வாலஸ். ஆமாம், மதுபானத்துக்குப் பேர்போன அதே ஷா வாலஸ்தான். விலை 18,000 ரூபாய். இறக்குமதி வரி 80 சதவீதம் இருந்த காலம் அது. அச்சாபீஸிலோ தீப்பெட்டி ஆபீஸிலோ சம்பளம் வாங்கும் வீட்டில் பொம்மைக்கு அவ்வளவு பணம் யார் கொடுப்பார்கள்?

அதனால் நம் வீடுகளுக்கு வந்தவை ஃபேமிகாமின் நகல்கள். மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் வந்தன. நம்ம பக்கம் யாரும் பெயர் பார்க்கவில்லை, எல்லாமே "டிவி கேம்"தான். அதில் செருகும் அட்டைக்குப் பெயர் "கேசட்". ஜப்பான் ஃபேமிகாமின் அதே 60 முனை கேசட்தான் இதிலும் பொருந்தும். ரஷ்யாவில் 1992 டிசம்பரில் ஸ்டீப்லர் என்ற நிறுவனம் டெண்டி என்ற பெயரில் இதே வகை நகலை விற்க ஆரம்பித்தது. ஒரு தலைமுறை ரஷ்யப் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் என்றாலே டெண்டிதான். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஐம்பதும் அறுபதும்

நம்ம மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. டிவியும் அதையொட்டித்தான் வந்தது. 625 கோடுகள், நொடிக்கு 50 அரைப்படங்கள், அதாவது 50 ஃபீல்டு. 1982 ஆகஸ்ட்டில் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது எடுத்துக்கொண்ட முறைக்குப் பெயர் பால் (குடிக்கிற பால் இல்லை). ஜப்பானிலும் அமெரிக்காவிலும் என்.டி.எஸ்.சி. முறை: 525 கோடுகள், நொடிக்கு ஏறக்குறைய 60 ஃபீல்டு.

ஃபேமிகாம் ஆட்டங்களை எழுதியவர்கள் நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்கவில்லை, படத்தை எண்ணினார்கள். ஒரு படம் திரைக்குப் போனால் ஆள் ஓரடி நகர்வான், இசை ஒரு துளி நகரும். ஜப்பானில் நொடிக்கு 60.1 படம். அதே நிரல் 50 படம் போடும் பெட்டியில் ஓடினால் எல்லாமே சுமார் 17 சதவீதம் மெதுவாகும். அங்கே 60 நொடியில் முடியும் பாட்டு இங்கே 72 நொடி எடுக்கும்.

ஐரோப்பாவும் பால் முறைதானே, அங்கேயும் இதே கதைதானே என்று கேட்கலாம். அங்கேதான் சுவாரசியமான வித்தியாசம். நிண்டெண்டோ ஐரோப்பாவுக்கென்று தனி இயந்திரம் செய்தது. அதில் செயலியின் வேகத்தை 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66க்கு இறக்கினார்கள். இந்தப் பெட்டியில் ஒலி பிறப்பதும் செயலியின் துடிப்பிலிருந்துதான். ஆகவே மாற்றாமல் விட்ட ஆட்டங்களில் இசை மெதுவானதோடு சுருதியும் அரை ஸ்வரத்துக்கு மேலேயே இறங்கியது. போதாததற்கு, 1990ல் கான்ட்ரா அங்கே புரோபோடெக்டர் என்ற பெயரில் வந்தது. மனிதர்களை எடுத்துவிட்டு ரோபோக்களைப் போட்டிருந்தார்கள்.

நகல் பெட்டிகள் வேறு வழியில் போயின. பால் நாடுகளுக்காகத் தைவானின் யு.எம்.சி. நிறுவனம் செய்த சில்லுகள் யு.ஏ. 6527பி, யு.ஏ. 6538. இவற்றில் செயலி வேகம் 1.77 மெகாஹெர்ட்ஸ். ஜப்பான் வேகத்துக்கு மிகப் பக்கம். படத்தை வரைந்து முடித்ததும் கூடுதலாகச் சில கோடுகள் நேரம் சும்மா காத்திருந்துவிட்டு அதன் பிறகே அடுத்த வேலைக்குப் போகும். ஜப்பான் கேசட்டுகள் குழம்பாமல் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

விளைவு என்ன? இந்தச் சில்லு இருந்த பெட்டியில் சுருதி ஏறக்குறைய ஜப்பான் சுருதி, தாளம் 17 சதவீதம் மெதுவு, திரையில் ரோபோ இல்லாமல் மனிதர்கள். ஜப்பானியப் பையன் பார்த்ததும் இது இல்லை, ஜெர்மன் பையன் பார்த்ததும் இது இல்லை. மூன்றாவதாக ஒரு கான்ட்ரா. "ஒரே உயிரில் முடிச்சேன்" என்று அப்போது பீற்றிக்கொண்டவர்கள் (நானும்தான்) 17 சதவீதத் தள்ளுபடியை நினைவில் வைப்பது நல்லது. குண்டு நம்மை நோக்கி மெதுவாகத்தான் வந்தது.

யூடியூபில் நிறைந்து கிடப்பவை அமெரிக்க, ஜப்பானியப் பதிப்புகளின் 60 படக் காணொளிகள். கணினியில் எமுலேட்டர் போட்டாலும் வழக்கமாக அந்த வேகத்தில்தான் ஓடும். நம் வீட்டில் ஓடியதைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் பெட்டியையே பிடித்தாக வேண்டும்.

கம்பியில் வருவது என்ன?

மஞ்சள் பின் கேபிளை ஒரு யு.எஸ்.பி. கேப்சர் குச்சியில் செருகினால் முடிந்தது என்றுதான் தோன்றும். படமும் வரும். ஆனால் உற்றுப் பார்த்தால் ஆள் ஓடும்போது விளிம்பெல்லாம் சீப்புப் பல் மாதிரி கிழிந்திருக்கும்.

டிவி நிலையம் அனுப்பும் படம் இரண்டு தவணையாக வரும். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்து இரட்டைப்படைக் கோடுகள். 625ஐ இரண்டாகப் பிரித்தால் 312.5. அந்த அரைக் கோடுதான் இரண்டாவது தவணையை முதல் தவணையின் இடைவெளிக்குள் சரியாக இறக்கி வைக்கிறது. நம்ம பெட்டி 312 கோடுதான் அனுப்புகிறது, அரைக் கோடு கிடையாது. அதனால் ஒவ்வொரு தவணையும் அதே கோடுகளின் மேலேயே விழும். நொடிக்கு 50 முழுப் படங்கள், நடுவில் மெல்லிய கறுப்பு வரிகள். பழைய குழாய் டிவி இதைப் பற்றிக் கவலைப்படாது. கம்பியில் என்ன வருகிறதோ அதை வரைந்துவிட்டுப் போகும்.

கேப்சர் குச்சி அப்படி இல்லை. "இது டிவி படம், இரண்டு தவணை சேர்ந்தால்தான் முழுசு" என்று முடிவு செய்துகொண்டு, வேறு வேறு நேரத்தில் வந்த இரண்டு படங்களை ஒன்றாகப் பின்னிவிடும். சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு கலர் அடித்து, அடுத்த கலருக்குள் தாள் நகர்ந்துவிட்டால் காலண்டரில் சாமி முகம் இரட்டையாகத் தெரியுமே, அந்த "ரிஜிஸ்டர் அவுட்"தான் இது. ஆஃப்செட்டில் இடத்தில் நகர்ந்தது, இங்கே காலத்தில் நகர்ந்திருக்கிறது.

இன்னொரு சிக்கல் இதைவிட மோசம். ஃபேமிகாம் ஒரு கோட்டில் எட்டு ஸ்பிரைட்டுக்கு மேல் காட்டாது. அதைச் சமாளிக்க ஆட்டங்கள் உருவங்களை மாற்றி மாற்றிக் காட்டும், ஒரு படத்தில் இது, அடுத்த படத்தில் அது. பல ஆட்டங்களில் அடிபட்ட ஆள் சில நொடி மினுமினுப்பதும் இதே உத்திதான். நாம் 50 படத்தில் 25ஐத் தூக்கி எறிந்தால் என்ன ஆகும்? ஒன்றுவிட்டு ஒன்று தெரியும் ஆள், நாம் வைத்துக்கொண்ட பாதியில் இல்லாமலே போகலாம். பதிவில் திரை காலியாக இருக்கும், துப்பாக்கிக் குண்டு மட்டும் பறந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது, நிறம். மஞ்சள் கேபிளில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் போகின்றன. நாலு கலருக்கும் ஒரே பிளேட் போட்டு, பிரித்துப் பார்ப்பதைக் கண்ணிடம் விட்ட மாதிரி. விளிம்புகளில் புள்ளிகள் ஊர்வது அதனால்தான். எஸ்-வீடியோ, காம்பொனன்ட் கேபிள்கள் பிரித்து அனுப்புவதால் படம் சுத்தமாக இருக்கும். ஆனால் ஃபேமிகாமின் படச் சில்லு இந்தக் கலவைச் சிக்னலை நேரடியாகவே உருவாக்குகிறது. பெட்டிக்குள்ளேயே பிரித்த நிறம் கிடையாது. ஜப்பானின் முதல் ஃபேமிகாமில் மஞ்சள் பின் கூட இல்லை, ஆன்டெனா வயர் மட்டும்தான். எனவே அந்த ஊரும் புள்ளிகளும் அசல் படத்தின் பகுதி. துடைத்து எடுத்தால் அது திருத்திய பதிப்பு.

இன்னொன்றும் உண்டு. டயனோராவோ சாலிடேரோ, ஏதோ ஒரு கறுப்பு வெள்ளை டிவியில், வி.எல்., வி.எச். பட்டனை அழுத்தி, டியூனிங் திருகை நகத்தால் திருப்பி ஆடிய வீடுகள் எத்தனையோ. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மாரியோவின் தொப்பி சிவப்பு என்பது பிற்காலச் செய்தி.

பிடிப்பது எப்படி?

எளிய வழி, ஈஸிகேப் வகைக் குச்சி. 720க்கு 576 அளவில், நொடிக்கு 25 படமாகத் தரும். ஒவ்வொன்றிலும் இரண்டு தவணைகள் பின்னிக் கிடக்கும். நல்ல விஷயம் என்னவென்றால் எதுவும் தொலைந்துபோகவில்லை, பிரித்தால் 50ம் திரும்பக் கிடைக்கும். ஓ.பி.எஸ். மென்பொருளில் அந்த மூலத்தின் மேல் வலது கிளிக் செய்தால் டீ-இன்டர்லேசிங் பட்டியல் வரும். அதில் "ரெட்ரோ" என்றே ஒரு முறை இருக்கிறது. "யாடிஃப் 2எக்ஸ்" முறையும் 50 படம் தரும். "டிஸ்கார்ட்" என்பதைத் தொடாதீர்கள், மேலே சொன்ன காணாமல் போகும் ஆள் அங்கேதான் காணாமல் போவார்.

செலவு செய்ய முடிந்தவர்களுக்கு ரெட்ரோடிங்க், ஓ.எஸ்.எஸ்.சி. மாதிரிக் கருவிகள் உண்டு. இவை ஒவ்வொரு தவணையையும் முழுப் படமாகவே எடுத்துக்கொண்டு, கோடுகளைப் பெருக்கி எச்.டி.எம்.ஐ.யில் கொடுக்கும். அதன் பிறகு எந்த எச்.டி.எம்.ஐ. கேப்சரும் போதும். ஒன்று கவனியுங்கள்: ஓ.எஸ்.எஸ்.சி. நேரடியாக மஞ்சள் பின்னை ஏற்காது. நம்ம பெட்டிக்கு ரெட்ரோடிங்க்தான் தோது.

நேரலையில் ஓடவிடுவதாக இருந்தால் இன்னும் மூன்று விஷயம். ஒன்று, ஓ.பி.எஸ். அமைப்பில் படவேகத்தை 50 என்று வையுங்கள். 60ல் விட்டால் ஐந்தில் ஒரு படம் இரண்டு முறை வந்து ஓட்டம் தட்டும். இரண்டு, வெளியீட்டு உயரம் குறைந்தது 720 இருக்கட்டும். அதற்குக் கீழே யூடியூப் உயர் படவேகத்தைக் காட்டாது, பாதியாக்கிவிடும். 240ஐ மூன்றால் பெருக்கினால் சரியாக 720, கணக்கும் பிசகாது. மூன்று, விகிதம் 4க்கு 3. பக்கவாட்டில் இழுத்து நிரப்பினால் மாரியோ தொந்தி வைத்துவிடுவார்.

ஆடுவது மட்டும் கணினித் திரையைப் பார்த்து வேண்டாம். கேப்சர் குச்சி கணிசமான தாமதம் வைக்கும். சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் குழாய் டிவிக்கும் மற்றதைக் கணினிக்கும் கொடுங்கள். 2010 ஜனவரியில் அமெரிக்காவில் பழைய ஆட்டங்களை வேகமாக முடித்துக் காட்டி நன்கொடை திரட்டும் கேம்ஸ் டன் குவிக் என்ற நேரலை தொடங்கியது. அங்கேயும் பழைய பெட்டிக்காரர்கள் குழாய் டிவியைத்தான் பார்த்து ஆடினார்கள். டக் ஹண்ட் துப்பாக்கிக்கோ வேறு வழியே இல்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தை அதே கணத்தில் பார்த்தாக வேண்டும். எல்.சி.டி.யில் வெளிச்சம் தாமதமாக வருவதால் வாத்து சாகாது.

பிளேஸ்டேஷன் காலம்

அடுத்த தலைமுறைக்கு இது ஓரளவு எளிது. 2000 மார்ச் 4 அன்று ஜப்பானில் வந்த பிளேஸ்டேஷன் 2 பெரும்பாலும் உண்மையான இரண்டு தவணைப் படத்தையே அனுப்புகிறது. கேப்சர் குச்சி எதிர்பார்ப்பதும் அதைத்தான். காம்பொனன்ட் கேபிள் கிடைத்தால் நிறமும் பிரிந்து வரும். இந்தப் பழைய பெட்டிகளின் ஆட்டப் படத்துக்குப் பூட்டும் கிடையாது. 2006ல் வந்த பிளேஸ்டேஷன் 3ல் எச்.டி.எம்.ஐ. வழியாகப் பிடிக்கப் போனால் எச்.டி.சி.பி. என்ற பூட்டு தடுக்கும், அதற்கும் காம்பொனன்ட் கேபிள்தான் வழி.

நம்ம ஊர்களில் பிளேஸ்டேஷன் 2 வாழ்ந்தது மணிக்கணக்கில் காசு வாங்கும் கடைகளில். வைஸ் சிட்டியும் மல்யுத்தமும் அங்கே ஓடின. அதற்கென்றே இந்தியாவில் ஆட்டங்களும் உருவாயின. ஹைதராபாத்தில் செய்த ஹனுமான்: பாய் வாரியர், தேசி அட்டா இரண்டும் 2009ல் வந்தன. 2011ல் ரா.ஒன், 2013ல் டான் 2. தேதிகளைக் கவனியுங்கள். அதே 2013 நவம்பரில் வெளியான பிளேஸ்டேஷன் 4ன் கைப்பிடியில் ஷேர் பட்டன் இருந்தது. கடைசி 15 நிமிட ஆட்டம் தானாகவே பதிவாகும், ஒரு அழுத்தலில் நேரலை போகும்.

அதாவது உலகம் ஆட்டத்தையும் பதிவையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்த ஆண்டில், இந்தியாவில் இன்னும் பிளேஸ்டேஷன் 2க்குப் புது ஆட்டம் விற்றுக்கொண்டிருந்தார்கள். பதிவு செய்ய எதுவும் இல்லாத பெட்டியில் நாம் மற்றவர்களைவிட நீண்ட காலம் ஆடியிருக்கிறோம். அந்தக் கடைகளில் யாரும் கேப்சர் கார்டு வைத்திருக்கவில்லை. மணி முடிந்தால் டிவியை அணைப்பார்கள், அவ்வளவுதான்.

டெண்டி என்ற அமைப்பு

இப்போது அந்த ரஷ்யப் பெயருக்கு வருவோம். மெசன், எஃப்.சி.இ.யு.எக்ஸ். போன்ற எமுலேட்டர்களில் பிராந்தியம் என்ற பட்டியலைத் திறந்தால் என்.டி.எஸ்.சி., பால் இரண்டுக்கும் அடுத்து மூன்றாவதாக "டெண்டி" என்று இருக்கும். 50 படம், 1.77 மெகாஹெர்ட்ஸ், கூடுதல் காத்திருப்புக் கோடுகள், எல்லாம் மேலே சொன்ன அதே கணக்கு. அதைத் தேர்ந்தெடுத்துக் கான்ட்ராவை ஓட்டிப் பாருங்கள். முதல் பத்து நொடியிலேயே தெரிந்துவிடும், இதுதான் நாம் ஆடிய வேகம் என்று.

சில்லு ஒன்றுதான், கணக்கு ஒன்றுதான், ஆனால் பெயர் ரஷ்யாவின் பெட்டிக்குப் போயிருக்கிறது. அங்கே அந்தப் பெட்டிக்கு ஒரு பெயர் நிலைத்தது, அதைப் பற்றி எழுதினார்கள், பேசினார்கள். நமக்கு அது "டிவி கேம்". பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒன்று எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. நகல் பொருள் என்பதால் அருங்காட்சியகமும் தேடி வராது, செய்த நிறுவனமும் உரிமை கொண்டாடாது. பரணில் கிடக்கும் பெட்டிகளில் மின்தேக்கிகள் காய்ந்துகொண்டிருக்கின்றன, கேசட் முனைகள் கறுத்துக்கொண்டிருக்கின்றன.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒதுக்கும்போது அப்படி ஒன்று கையில் கிடைத்தால், பழைய இரும்புக்கடைக்குப் போடும் முன் ஒரு மணி நேரம் கொடுங்கள். அடாப்டரின் வோல்டையும் துருவத்தையும் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு இணையுங்கள். பெட்டியின் பெயரும் அட்டையும் தெரிய ஒரு படம், திறந்து உள்ளே சில்லு எண்கள் தெரிய ஒரு படம். பிறகு கேப்சர்: ஆன் செய்ததும் வரும் முதல் திரை, கேசட்டின் ஆட்டப் பட்டியல் முழுசும், ஒரு ஆட்டத்தின் தொடக்க இசை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, பிறகு ஐந்து நிமிட ஆட்டம். எந்த வடிகட்டியும் போடாத மூலக் கோப்பை எஃப்.எஃப்.வி.1 மாதிரி இழப்பில்லாத வடிவில் தனியாக வைத்துக்கொண்டு, 50 படப் பிரதியை இணையத்தில் ஏற்றுங்கள். தலைப்பில் பெட்டியின் பெயரையும் ஊர்ப் பெயரையும் போடுங்கள். பின்னால் ஒருவர் தேடும்போது அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.